துலுக்கானம் அடைகாத்த கதை

பயப்படாமல் கேளுங்கள். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து கேட்பீர்கள். துலுக்கானத்துக்குத்தான் அப்படி முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கமாக அரசாங்கப் பீப்பாய்த் தொழிற்சாலை என்று ஒன்று இருந்தது. எதற்குப் பீப்பாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அது தேசப் பாதுகாப்பு. துலுக்கானத்துக்கு அங்கே கசிவு பார்க்கிற வேலை. படுக்கவைத்த பீப்பாய்க்குள் இரண்டு பேர் தலையை விட்டு, ஒருவர் விளக்குப் பிடிக்க, இன்னொருவர் ஓட்டை இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்க வேண்டும். விளக்குப் பிடிப்பவன் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வரும் பஷீருதீன். பல வருஷமாக இரண்டு தலையும் ஒரே பீப்பாய்க்குள் இருந்ததில் ஒருவனுக்கு ஒருவன் மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள்.

பங்குனி வெயில் ஏறிய சமயம். ஒரு நாள் காலையில் பஷீருதீனுடைய அம்மா ரசூல் பீவி, நிலைவாசலில் வேப்பிலை செருகிவிட்டு, பஸ் ஏறித் தொழிற்சாலைக்கு வந்தாள். தொழிலாளர் நலனையும் குடியிருப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அதிகாரி பக்தவத்சலத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சார், புள்ளைக்கு அம்மா வந்துக்கீது. லீவு வோணும்."

பக்தவத்சலம் மரியாதை தெரிந்தவர். எழுந்து கும்பிட்டார். "நீங்க வந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியுதும்மா. அம்மா வந்ததுக்கெல்லாம் லீவு குடுத்தா ஃபாக்டரில யார் இருப்பா? எல்லாருக்கும் அம்மா உண்டு."

"நான் இல்ல சார், அம்மா."

"அப்ப நீங்க யாரு?"

"நான் அவனோட அம்மா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

பக்தவத்சலம் வேற்றூர்க்காரர் இல்லை. வில்லிவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அம்மா வந்திருக்கிறாள் என்றால் அம்மை போட்டிருக்கிறது என்று வீட்டில் அவருக்கும் தெரியும். ஆனால் அலுவலக நேரத்தில் ஒரு சொல்லுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அர்த்தம் என்பது அவருடைய கொள்கை. அம்மாவுக்கு அம்மா என்றுதான் எழுதியிருந்தது. பஷீருதீன் வேலைக்கு வரவில்லையென்றால் ஆப்சென்ட் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் பஷீருதீன் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்து, வழக்கம்போல விளக்கைப் பிடித்துக்கொண்டு துலுக்கானத்தின் தலையோடு தலை வைத்தான். கால்வாசி ஷிஃப்ட் போயிருக்கும். விளக்கு கொஞ்சம் சாய்ந்தது.

"மச்சான், கய்த்துல இன்னாடா, முத்து முத்தா?"

"அம்மா வந்துக்கீது மாமே. ராத்திரிலேந்து எரிது."

துலுக்கானம் தலையை வெளியே இழுத்த வேகத்தில் பீப்பாய் விளிம்பு நெற்றியில் இடித்தது. சின்ன வயதில் தெருவுக்கே அம்மை வந்தபோது தன் பிள்ளையை மட்டும் அது தொடவில்லை என்று அவனுடைய தாய் சாகும்வரை பெருமை பேசினாள். ஒரு தடவையும் வராதவனுக்குத்தான் இனி வரும் என்பது அன்றைக்கு அவனுக்கு உறைத்தது.

அன்று சாயந்திரமே பூந்தமல்லியிலிருந்து ஆள் வந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த மனைவி கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று மாமியார் தாயம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். போகாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. துலுக்கானம் சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்தான். பூந்தமல்லி ரோட்டில் பாதி தூரம் போனவனுக்கு பஷீருதீனுடைய கழுத்து ஞாபகம் வந்தது. சைக்கிளை நிறுத்தினான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு, சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தான்.

மறுநாள் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் சடகோபன் படித்தவர். படித்ததை மறக்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை, அப்படியே வைத்திருந்தார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல சார்."

"ஒண்ணும் செய்யாதவன் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தே?"

துலுக்கானம் பீப்பாய், விளக்கு, கழுத்து, குழந்தை எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் அவன் கையைத் திருப்பிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"உனக்கு நோய் இல்ல."

"அப்ப கொயந்தய பாக்கப் போலாமா சார்?"

"கூடாது."

"அப்ப நோய் கீதா சார்?"

"அறிகுறி இல்லாம நோய்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? கொப்புளம் வந்தா கொண்டுவா. பாத்துச் சொல்றேன்."

"அதுவரைக்கும் நான் இன்னா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய சர்வீஸில் யாரும் கேட்காத கேள்வி அது. "அதுவரைக்கும் நீ இன்குபேஷன்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கவும் செய்தார். கிருமி உள்ளே போயிருந்தால் இரண்டு மூன்று வாரம் சத்தம் காட்டாமல் வேலை பார்க்குமாம். ஆளுக்குக் காய்ச்சல் இருக்காது, அரிப்பு இருக்காது, நன்றாகச் சாப்பிடுவான், தூங்குவான். அப்புறம் ஒரு நாள் பொரிந்துகொண்டு வெளியே வருமாம். அதற்கும் முந்தின நாளிலிருந்தே மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். "உள்ள போகலைன்னா ஒண்ணும் வராது. போயிருக்கா இல்லையாங்கறது வந்தாத்தான் தெரியும்" என்று முடித்து, நோய் இல்லாதவன் என்று எழுதி வேலைக்கு அனுப்பினார்.

வேலைக்குப் போனால் அங்கே யாரும் சேர்க்கவில்லை. பஷீருதீனுடைய தலையோடு இருந்த தலை இந்த ஷெட்டுக்குள் வந்தால் சுத்தியலைக் கீழே போடுவோம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால், நோயாளி இல்லாதவனுக்குப் படுக்கை கிடையாது என்றார்கள். ஆஸ்பத்திரி கேட்டும் ஷெட் கேட்டும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதிரெதிரே இருந்தன. துலுக்கானம் ஒரு நாள் பூராவும் நடுரோட்டில் இங்குமங்கும் நடந்தான். கேட் காவல்காரர் அப்பாவு ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு மாமே. நோயாளியா, இல்லியா?"

"அந்த ரெண்டுல ஒண்ணுதான் அண்ணாத்தே எனுக்கே தெரில."

இப்படி ஒருவன் எதிலும் சேராமல் ரோட்டில் நடப்பது நிர்வாகத்துக்கு நல்லதில்லை என்பதால், அந்த வாரக் கடைசியில் ஒரு விசாரணைக் குழு கூடியது. பக்தவத்சலம் தலைவர். டாக்டர் உட்பட நான்கு அதிகாரிகள் உறுப்பினர்கள். துலுக்கானத்துக்கு நோய் வருமா என்று பார்க்குமுன், நோய் வருகிற மாதிரி ஒரு தொடர்பு உண்மையிலேயே நடந்ததா என்று தீர்மானிக்க வேண்டும் என்றார் பக்தவத்சலம். அதற்கு பஷீருதீனை அழைத்துவர வேண்டும் என்றார். உடம்பெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு பாயில் கிடந்தவனை ரிக்‌ஷா வைத்துக் கொண்டுவந்தார்கள். பீப்பாயும் வந்தது. விளக்கும் வந்தது. அன்றைக்கு நின்ற மாதிரியே இரண்டு பேரும் தலையை விட்டு நிற்க வேண்டும் என்று உத்தரவு.

"சார், ஒட்டிக்கும் சார்" என்றான் பஷீருதீன்.

"ஒட்டுமா ஒட்டாதான்னு பாக்கத்தானே கூடியிருக்கோம்? நிரூபணம் ஆகறவரைக்கும் ஒட்டாது."

நின்றார்கள். தலைக்கும் தலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க அதிகாரிகளும் ஒவ்வொருவராகத் தலையை விட்டார்கள். பீப்பாய்க்குள் பேசினால் குரல் கணீரென்று கேட்கிறது என்பது பக்தவத்சலத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே இருந்தபடியே, பஷீருதீனுடைய மூச்சு முகத்தில் படப்பட, ஒரு சின்ன உரை ஆற்றினார்.

"இந்த நிர்வாகம் எதையும் நேரில் பார்க்காமல் முடிவெடுப்பதில்லை. பார்த்த பிறகும் எடுப்பதில்லை. ஒரு தொழிலாளி நோயாளியாக இருந்தால் அவனுக்கு இடம் இருக்கிறது. நோயாளியாக இல்லாவிட்டாலும் இடம் இருக்கிறது. நடுவிலே நிற்பவனுக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நடுவிலேயே நிற்கலாம். அதை நாங்கள் தடுக்கவே இல்லையே."

வெளியே இருந்தவர்கள் கை தட்டினார்கள். தொடர்பு நடந்தது உண்மை என்று முடிவாயிற்று. கடைசியில் டாக்டர் சடகோபன் தொண்டையைக் கனைத்து, இன்றைக்கு இரண்டு பேரும் மறுபடியும் தலையை ஒன்றாக வைத்துவிட்டதால் துலுக்கானத்தின் இன்குபேஷனை இன்றையிலிருந்து புதிதாக எண்ண வேண்டும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தள்ளிவிட்டிருந்த நாளெல்லாம் ஒரு வார்த்தையில் போயிற்று. தலையை விட்ட அதிகாரிகளைப் பற்றி முடிவில் ஒன்றும் இல்லை. அவர்கள் விசாரிக்கப் போனவர்கள்.

இதற்குள் அறிவிப்பெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. டாக்டருடைய இன்குபேஷனை அலுவலகத்தில் அகராதி வைத்துத் தமிழாக்கினார்கள். மறுநாள் கேட் பலகையில் ஒட்டியிருந்தது: சி பிளாக் கீழ்வீட்டில் குடியிருக்கும் துலுக்கானம் என்பவர் தற்சமயம் அடைகாத்து வருகிறார். காலம் முடியும்வரை அவர் எழுந்து நடமாடலாகாது.

ஷெட்டே கூடி நின்று படித்தது. சேலத்துக்காரர்கள் சிரித்தார்கள், திருநெல்வேலிக்காரர்கள் சிரித்தார்கள். பக்தவத்சலம் சிரிக்கவில்லை. குவார்ட்டர்ஸில் ஆடு, மாடு, கோழி வளர்க்கக் கூடாது என்பது குடியிருப்பு விதி. அதை மீறி ஒருவன் அடைவைத்திருக்கிறான், அதுவும் தன்னுடைய கையெழுத்தோடே பலகையில் ஏறுகிற அளவுக்கு. பிற்பகலே அப்பாவுவைக் கூட்டிக்கொண்டு சோதனைக்கு வந்துவிட்டார்.

"கோழி எங்க?"

"கோயி இல்ல சார்."

"கோழி இல்லாம எப்படிய்யா அடைகாப்பே?"

"நான்தான் சார் அது."

"இருபது வருஷமா குவார்ட்டர்ஸ் பாக்கறேன். கோழி இல்லைன்னு சொல்ற வீட்டிலதான் கோழி இருக்கும். இருக்குன்னு சொல்றவன் வீட்டில இன்னிவரைக்கும் நான் சோதனையே போட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அரிசி டிரம்மைத் திறந்தார், டிவிக்குப் பின்னால் கையை விட்டார். சன்னலோரம் ஒரு பிரம்புக்கூடை இருந்தது. அதில் பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, மெத்தென்று மடித்துப் போட்டிருந்தான் துலுக்கானம். பக்தவத்சலம் உள்ளே கையை வைத்துப் பார்த்தார். வெயில் பட்டுச் சூடாக இருந்தது.

"இது என்ன?"

"கொயந்திக்கு சார்."

"குழந்தை எங்க?"

"பூந்தமல்லில சார்."

பக்தவத்சலம் அப்பாவுவைப் பார்த்தார். "கோழியும் இல்ல, குழந்தையும் இல்ல. கூடு மட்டும் சூடா இருக்கு. கவனிச்சியா?" அன்று முதல் துலுக்கானம் எழுந்து போகாமலும், கோழி வந்து சேராமலும் பார்த்துக்கொள்ள வாசலில் அப்பாவுவுக்கு ஸ்டூல் போட்டார்கள்.

கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. உள்ளே இருந்தவனுக்கு வரவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் உடம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. எழுந்தால் கண்ணாடி, உட்கார்ந்தால் கை, படுத்தால் கால். நெற்றியில் கையை வைத்தால் சூடாக இருக்கும். அது நெற்றியின் சூடா கையின் சூடா என்று தெரியாமல் சுவரில் கையை வைப்பான். சுவரும் சூடாக இருக்கும். கொசு கடித்தால் பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். அப்பாவு திரும்பச் சொல்லி முதுகைப் பார்ப்பார். இது கொசு, இது வேர்க்குரு, இது நேற்றைக்கே பார்த்த மச்சம் என்று விரல் படாமல் காட்டிச் சொல்வார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் வந்து, நாட்டுக்கோழி முட்டையாக இருந்தால் தனக்கும் இரண்டு வேண்டும் என்றாள்.

பூந்தமல்லியிலிருந்து செய்தி வந்தபோதுதான் அவன் நிஜமாகவே உடைந்துபோனான். பொண்ணாகப் பிறந்துவிட்டது என்றுதானே எட்டிப் பார்க்கவில்லை என்று கஸ்தூரி கேட்டு அனுப்பியிருந்தாள். துலுக்கானம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அப்பாவு தடியைக் குறுக்கே வைத்தார். தடியைத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். அதற்குள் புறங்கையில் என்னவோ சிவப்பாகத் தெரிந்தது. வேர்க்குருதான். ஆனாலும் அந்தக் கையோடு எப்படிப் போவது? செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், பிரம்புக்கூடையில் இருந்த துணியையெல்லாம் எடுத்து உதறி, மறுபடி மடித்து வைத்தான்.

கொப்புளமெல்லாம் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்த பஷீருதீன்தான் நடுவில் தூது போனான். இனி அவனால் யாருக்கும் ஒட்டாது. கஸ்தூரியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, திரும்பி வந்து சன்னலுக்கு வெளியே நின்று சிரித்தான்.

"இன்னா மச்சான் சொன்னா?"

"'நான் பெத்தே முடிச்சிட்டேன், உங்க மாமன் இன்னும் அடகாத்துகினு கீறாரா'ன்னு கேட்டுச்சி மாமே. கொயந்த உன்ன மாரியே கீது. மூக்கு மட்டும் நல்லாக்கீது."

துலுக்கானம் அன்று ராத்திரி தூங்கினான்.

கொஞ்ச நாளில் அதிகாரிகள் பங்களா வரிசையில் ஒரு வாசலில் வேப்பிலை தொங்கியது. அடுத்த நாள் அடுத்த வாசலில். பீப்பாய்க்குள் தலையை விட்டவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். டாக்டர் சடகோபன் தன் முதல் கொப்புளத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, இப்போது அறிகுறி இருப்பதால் இது நோய்தான் என்று திருப்தியோடு சொல்லிவிட்டுப் படுத்தார் என்று கேள்வி. கடைசியாக பக்தவத்சலம் ஆபீசுக்கு வரவில்லை. அவருடைய வயசான அம்மா வில்லிவாக்கத்திலிருந்து வந்து கேட்டில் நின்றார்கள். அன்றைக்குக் காலையில் அப்பாவுவுக்கு கேட்டில் டூட்டி.

"புள்ளைக்கு அம்மா வந்திருக்குப்பா. ஆபீசுல சொல்லிடு."

அப்பாவு எழுந்து கும்பிட்டார். "நீங்க வந்துகீறது தெரிதும்மா. அதுக்கு லீவு கெடையாதாம். உங்க புள்ளதான் ரூல் போட்டுக்கீறாரு."

அதற்கப்புறம் அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

துலுக்கானத்துக்குக் கெடு முடிந்தது. ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அவனுடைய தாய் பேசிய பெருமை பேச்சோடு போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிந்தது என்று சொல்ல ஆள் இல்லை. பக்தவத்சலம் முகமெல்லாம் தழும்போடு திரும்பி வரும்வரை இன்னும் சில நாள் அவன் சும்மாவே அடைகாத்தான். அவர் வந்ததும் முதல் வேலையாக சி பிளாக்குக்குத்தான் வந்தார்.

"காலம் முடிஞ்சுது. என்ன பொரிஞ்சுது?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் பொரியலைன்னா அடை முடியலைன்னு அர்த்தம். இன்னும் உட்காரணும்."

துலுக்கானம் அப்பாவுவைப் பார்த்தான். அப்பாவு வானத்தைப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் சுவர், மறுபடியும் முதுகு.

"ஒண்ணு சார்" என்றான். "பொண்ணு."

"அப்படிச் சொல்லு. இருபது வருஷ அனுபவம்னா சும்மாவா? எங்க இருக்கு?"

"பூந்தமல்லில சார்."

"நம்ம எல்லைக்கு வெளியே. நல்ல காரியம் பண்ணே. ஆனா ஒண்ணு, அந்தக் குஞ்சு இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது. தெரியுதா?"

துலுக்கானம் பதில் சொல்ல நிற்கவில்லை. சைக்கிள் பாதி ரோட்டில் எங்கேயும் நிற்கவில்லை. தாயம்மாள் வாசலிலேயே அவனை நிறுத்தி, கை கால் முகமெல்லாம் கழுவ வைத்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டாள். உள்ளே போனவன், போன மாதிரியே சுவரோரம் நின்றான். தள்ளி நிற்பது பழகிப்போயிருந்தது.

"இன்னா அங்கியே நின்னுகினு கீற?" என்றாள் கஸ்தூரி. முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் இருந்தது. "கைய நீட்டு."

நீட்டினான். அவ்வளவு பெரிய பீப்பாய்களைப் புரட்டிய கையில் குழந்தையை வைத்தாள். ஒரு விரலாக, ஒரு நகமாக, காது மடிப்பு, உள்ளங்கால் எல்லாம் பார்த்தான். பல வருஷத்து வேலைப் பழக்கம், எங்கேயாவது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கேயும் கசிவில்லை என்று அவன் முடிவுக்கு வந்த நிமிஷம் சட்டை நனைந்தது.

மூன்றாம் மாதம் கஸ்தூரியையும் குழந்தையையும் ஆட்டோவில் கூட்டிவந்தான். கேட்டில் அப்பாவு. ஆட்டோ உள்ளே போகாது, மூன்று பேரும் இறங்கினார்கள். பக்தவத்சலம் அன்றைக்கு வாயால் சொன்னது பலகையில் உத்தரவாகவே ஒட்டியிருந்தது: சி பிளாக் துலுக்கானம் அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதைக் கிழிக்க வேண்டுமானால் இன்னொரு குழு கூட வேண்டும். கஸ்தூரி அதைப் படித்துவிட்டு, குழந்தையின் மேல் முந்தானையை இழுத்து மூடினாள்.

அப்பாவு தடியோடு எழுந்து வந்து, குனிந்து, முந்தானையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கூவுமா?"

"இப்பதான் அண்ணாத்தே தூங்கிச்சி" என்றான் துலுக்கானம்.

"அப்ப சத்தம் போடாம தூக்கினு போ."

திறக்கும்போதெல்லாம் ஊரைக் கூட்டுகிற இரும்பு கேட் அது. அப்பாவு தடியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கேட்டைத் தூக்கிப் பிடித்து, கிறீச்சிடாமல் மெதுவாகத் திறந்துவிட்டார்.